கற்றவரே சாட்சி: இயல்வழிக் கற்றல் பற்றிய நூலைக் கூடி எழுதுதல்

கல்வியைப் பற்றி எழுதப்படும் நூல்களில் பெரும்பாலானவை பள்ளி, கல்லூரி, பாடத்திட்டம், தேர்வு ஆகியவற்றையே பொருளாகக் கொள்கின்றன. மனிதர் தம் வாழ்நாளில் கற்பவற்றுள் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே, வீட்டிலும் பட்டறையிலும் வயலிலும் கடலிலும் நிகழ்ந்தபோதிலும், அந்தக் கற்றலைப் பற்றிய நூல்கள் அரிதாகவே உள்ளன. இதற்கு ஆர்வக்குறைவு மட்டுமே காரணமன்று. பள்ளிக் கல்வி தன் தடயங்களைத் தானே விட்டுச்செல்கிறது. வருகைப் பதிவேடு, பாடநூல், விடைத்தாள், சான்றிதழ் என ஆய்வாளர் எடுத்துப் பார்க்க அதில் ஏராளமான ஆவணங்கள் உண்டு. வகுப்பறைக்கு வெளியே நிகழும் கற்றலுக்கோ அத்தகைய ஆவணம் எதுவும் இல்லை. எதை முதலில் கற்றார், எங்கே தவறினார், யார் திருத்தினார், எப்போது கை பழகியது என்பவற்றுக்கெல்லாம் கற்றவர் ஒருவரே சாட்சி.

இக்கட்டுரையின் வாதம் இந்த உண்மையிலிருந்து எழுகிறது. வகுப்பறைக்கு வெளியே நிகழும் கற்றலைப் பற்றிய நூலை ஓர் ஆய்வாளர் தனியே எழுதி முடிக்க இயலாது. கற்றவர்களைத் தகவல் தருவோர் என்ற நிலையில் நிறுத்தாமல் இணையாசிரியர்களாகச் சேர்த்துக்கொள்வது, அவர்களுக்குக் காட்டும் மரியாதை என்பதைக் காட்டிலும், ஆய்வின் சான்றுத் தேவையாகும். இணையத்தில் உருவாகியிருக்கும் தன்னார்வ எழுத்துச் சமூகங்கள் இதற்கான கருவிகளைத் தந்திருக்கின்றன. அதே வேளையில் அவற்றின் சில விதிகள் இதற்குத் தடையாகவும் உள்ளன. புதுப்பட்டினத்தை நடுவாகக் கொண்ட செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையின் கற்றல் மரபுகளையும், தமிழ் இணையச் சமூகங்களின் அனுபவத்தையும் அருகருகே வைத்து இவ்வாதம் ஆராயப்படுகிறது.

கற்றலின் மூன்று வகைகள்

கல்வி ஆய்வாளர்கள் பிலிப் கூம்ப்ஸ், மன்சூர் அகமது ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ஊரக வளர்ச்சி பற்றிய நூலில் கற்றலை மூன்றாகப் பகுத்தனர். படிநிலைகளும் சான்றிதழும் கொண்ட பள்ளி, கல்லூரிப் படிப்பு முறைசார் கல்வி எனப்படும். பள்ளி அமைப்புக்கு வெளியே, ஆனால் திட்டமிட்டு நடத்தப்படும் எழுத்தறிவு வகுப்பு, உழவர் பயிற்சி போன்றவை முறைசாராக் கல்வி எனப்படும். எவரும் திட்டமிட்டு நடத்தாமல், அன்றாட வாழ்விலும் தொழிலிலும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து நிகழ்வது மூன்றாம் வகை. அதை இக்கட்டுரை இயல்வழிக் கற்றல் என்று குறிக்கிறது. இரண்டாம் வகைக்கு அரசுத் திட்டங்களும் அறிக்கைகளும் உண்டு. மூன்றாம் வகைக்கு அவையும் இல்லை.

இயல்வழிக் கற்றலை எழுத்தில் பிடிப்பது கடினமாவதற்கு மற்றொரு காரணத்தை மைக்கேல் போலானி என்ற அறிஞர் 1966இல் விளக்கினார். மனிதர் சொல்ல இயன்றதைவிட அதிகமாக அறிந்திருக்கின்றனர் என்பதும், செய்ய முடிந்தும் விளக்க முடியாத அந்தப் பகுதியே திறமையின் அடித்தளம் என்பதும் அவர் கருத்து. இதை உள்ளுறை அறிவு எனலாம். கூட்டத்தில் ஒரு முகத்தை அடையாளம் காண்பவர் எந்தக் குறியால் கண்டார் என்பதைச் சொல்ல இயலாததைப் போலவே, கல்லைத் தட்டி ஓசை கேட்பவரும் தாம் எதைக் கேட்டு முடிவெடுக்கிறார் என்பதை முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூல் இவ்வகைக் கற்றல் நிகழும் முறையை விளக்கியது. தொழிலைக் கற்பவர் முதலில் அத்தொழில் செய்வோர் குழுவின் விளிம்பில் எளிய, பிழைத்தாலும் பெரிதாகக் கேடு விளைவிக்காத வேலையில் சேர்கிறார். படிப்படியாக நடுவை நோக்கி நகர்கிறார். லைபீரிய நாட்டுத் தையற்காரர்களிடம் லேவ் கண்ட செய்தி இங்கே முதன்மையானது. ஆடை உருவாகும் வரிசை துணி வெட்டுவதில் தொடங்கிப் பொத்தான் தைப்பதில் முடிகிறது. கற்பவரோ பொத்தானிலும் ஓரம் மடிப்பதிலும் தொடங்கி, இறுதியிலேதான் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கிறார். ஆக, பொருள் உருவாகும் வரிசையும் தொழில் கற்கப்படும் வரிசையும் நேர்மாறானவை. வெளியிலிருந்து பார்க்கும் ஆய்வாளருக்கு முதல் வரிசை எளிதில் தென்படும். இரண்டாவது வரிசை கற்றவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. தொழில்களைப் பற்றிய பல நூல்கள் தொழிலை நன்றாக விவரித்தும் அது கற்கப்படும் விதத்தைத் தவறவிடுவதற்கு இதுவே காரணம்.

புதுப்பட்டினத்தைச் சுற்றிய கரை

பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே, கல்பாக்கத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் புதுப்பட்டினம். பக்கத்திலேயே டச்சுக்காரர் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினம், வடக்கே மாமல்லபுரம், மேற்கே திருக்கழுக்குன்றமும் செங்கல்பட்டும். 1971இல் தொடங்கப்பட்டு இன்று இந்திரா காந்தி பெயர் தாங்கும் அணு ஆராய்ச்சி மையமும், 1980களில் மின்சாரம் தரத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையமும் இக்கரையில் உள்ளன. நாட்டின் மிக உயர்ந்த முறைசார் கல்வியைப் பெற்றோர் கூடி வாழும் இந்த இடத்தைச் சுற்றி, எந்தப் பாடநூலிலும் அடங்காத மூன்று பெரும் கற்றல் மரபுகள் வழங்கிவருகின்றன.

முதலாவது மாமல்லபுரத்துச் சிற்பிகளுடையது. சிற்ப நூல்கள் முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்ற அலகாகக் கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலங்களாகப் பகுத்து, உருவத்தின் தகுதிக்கேற்ப அளவுகளை வகுத்துள்ளன. நவதாள உருவம் 108 அங்குலமும் உத்தம தசதாள உருவம் 124 அங்குலமும் கொண்டது. இந்த அளவுகளை ஏட்டிலிருந்து மனப்பாடம் செய்யலாம். ஆனால் பட்டறையில் சேரும் சிறுவர் அளவுகளிலிருந்து தொடங்குவதில்லை. மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கித் தோய்ச்சல் கொடுப்பதையும், கல்லின் தேவையற்ற பகுதியைக் கழிப்பதையும் முதலில் பழகுகிறார். சிலைக்குக் கண் திறப்பது நெடுங்காலப் பழக்கத்துக்குப் பிறகே வாய்க்கிறது. தட்டும்போது எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல் என்று பிரித்தறிவதும் காதின் பழக்கத்தால் வருவதே. தமிழக அரசு 1957இல் இங்கே சிற்பப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது, தலைமுறை மரபில் வந்த ஸ்தபதிகளையே ஆசிரியர்களாக அமர்த்தியது. அதன் தலைமைப் பொறுப்பை நெடுங்காலம் வகித்த வை. கணபதி ஸ்தபதி, குமரிமுனையில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்தவர். முறைசார் கல்வியும் இயல்வழிக் கற்றலும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு இந்நிறுவனத்தின் வரலாறே சான்று.

இரண்டாவது இருளர் பழங்குடியினருடையது. பாம்புத் தோல் வணிகத்துக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தபின், அத்தொழிலை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பு கேள்விக்குறியானது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியிலிருந்து இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்து, அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுவது சங்கத்தின் முறை. நாட்டில் நஞ்சுமுறி மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பகுதி நெடுங்காலமாக இங்கிருந்தே சென்றுள்ளது. மண்ணில் படிந்த தடம், எச்சம், உரித்த சட்டை ஆகியவற்றைக் கொண்டு வளையில் இருப்பது எந்தப் பாம்பு என்று கண்டறியும் திறமையை, பெற்றோருடன் வரப்புகளில் நடந்து திரியும் பருவத்திலேயே பிள்ளைகள் பெறுகின்றனர். இக்கரையைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரையும், மலைப்பாம்புகள் பெருகிவிட்ட அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2017இல் வரவழைத்துப் பாம்பு பிடிக்கச் செய்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. முன்பின் அறியாத நிலத்தில், அறியாத பாம்பினத்தின் முன்னும் அவர்களுடைய அறிவு பயன்பட்டது என்பது, அது மனப்பாடமாக வந்த தகவல் தொகுதி அன்று, எங்கும் பொருத்திப் பார்க்கத்தக்க ஆய்வுமுறை என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவது மீனவர்களுடையது. கொண்டல், வாடை, தென்றல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரிப்பதும், நீரோட்டத்தின் திசையும் தண்ணீரின் நிறமும் கண்டு வலை இறக்குவதும், கரையிலுள்ள கோபுரத்தையும் மரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டின் இருப்பிடத்தைக் குறிப்பதும் தந்தையுடனும் மாமனுடனும் ஒரே படகில் செல்வதால் மட்டுமே படியும் அறிவு. கரையில் மீனைத் தரம் பிரித்து ஏலத்தில் எடுத்து விற்கும் பெண்களின் கணக்கும் விலைமதிப்பும் அதே அளவு நுட்பமானவை. ஆயினும் கடலறிவைப் பற்றிய எழுத்துகளில் அவை மிகக் குறைவாகவே இடம்பெறுகின்றன.

கணக்கெடுப்பில் தென்படாதது

இக்கற்றல் அரசின் கண்ணில் படாமல் போனது இன்று நேற்று நிகழ்ந்ததன்று. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணமெங்கும் நாட்டுக் கல்வியின் நிலையைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். செங்கல்பட்டு உள்ளிட்ட மாவட்ட ஆட்சியர்கள் விடையனுப்பினர். 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அதே கணக்கெடுப்பில் சென்னை நகர ஆட்சியர் வேறொரு செய்தியையும் சேர்த்திருந்தார். நகரத்தில் பள்ளியில் படிப்போர் ஏறத்தாழ 5,500 பேராக இருக்க, வீட்டிலேயே கற்போர் ஏறத்தாழ 26,900 பேர் என்பது அச்செய்தி. பள்ளிக் கணக்கைப் போல ஐந்து மடங்கு வரும் இந்த எண்ணை மன்றோ ஐயத்தோடுதான் பார்த்தார். இந்த ஆவணங்களைத் திரட்டி ஆய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் இந்தியக் கல்வி வரலாற்றைப் பற்றிய விவாதத்தைப் புதுப்பித்தது.

வீட்டுக் கல்வியைக் கேட்ட இடத்தில் அத்தனை பேர் கணக்கில் வந்தனர் என்றால், கேட்காத இடங்களில் எத்தனை பேர் விடுபட்டிருப்பர் என்பது சிந்திக்கத்தக்கது. அதனினும் முதன்மையானது, அந்தக் கணக்கெடுப்பின் வினாக்கள் எழுதப் படிக்கக் கற்பதையே கல்வியாகக் கொண்டன என்பது. படகோட்டவும் கல் செதுக்கவும் மூலிகை அறியவும் கற்றோர் அந்தப் பட்டியலின் எந்தப் பத்தியிலும் இடம்பெற வழியில்லை. வினாவை அமைப்பவர் எவரோ அவரே எது கல்வியாகத் தென்படும் என்பதையும் தீர்மானிக்கிறார். ஆகவே இயல்வழிக் கற்றலைப் பற்றிய நூலில் கூட்டு உழைப்பு விடை சேகரிப்பதில் தொடங்கினால் போதாது. வினாக்களை அமைப்பதிலேயே தொடங்க வேண்டும்.

கூடி எழுதியதன் முன்மாதிரிகள்

கற்றோரே கூடி எழுதிய நூல்கள் புதியவை அல்ல. இத்தாலியின் மலைக் கிராமமான பார்பியானாவில், பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர், பாதிரியார் லொரென்சோ மிலானியின் வழிகாட்டலில் கூட்டாக எழுதி 1967இல் வெளியிட்ட கடித வடிவிலான நூல், தேர்வில் தோல்வியுறச் செய்யும் பள்ளி முறையைப் புள்ளிவிவரங்களோடு குற்றஞ்சாட்டியது. தமிழிலும் அது மொழிபெயர்க்கப்பட்டு ஆசிரியர்களிடையே பரவலாக வாசிக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தனித் தாள்களில் குறிப்பெழுதி, அவற்றை வகைப்படுத்தி, மிகையானதை வெட்டி, ஒரே குரலாக ஆக்கும் முறையை அவர்கள் கையாண்டனர். எழுதும் முறையே அவர்களுக்குப் பாடமாகவும் அமைந்தது.

தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982) இவ்வகையில் ஒரு திருப்புமுனை. பள்ளிப்படிப்பை அதிகம் பெறாத ஓர் உழவர், நண்பர்களின் துணையோடு, பல்கலைக்கழகங்கள் செய்யாத பணியைச் செய்து முடித்தார். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது. அந்த வழியில் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியும் பின்தொடர்ந்தன. வழக்குச் சொற்களுக்கு வழங்கும் மக்களே சான்று என்ற கொள்கை இந்நூல்களால் தமிழில் நிலைபெற்றது. கற்றலுக்கும் அதே கொள்கையை நீட்டுவது இயல்பான அடுத்த படியாகும்.

தொழில் நிறுவனங்களிலிருந்தும் ஒரு சான்று உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒளிநகல் பொறி பழுதுபார்ப்போர் எப்படிக் கற்கின்றனர் என்பதை மானிடவியலாளர் ஜூலியன் ஓர் ஆராய்ந்தபோது, கையேடு கைவிடும் இடத்தில் அவர்கள் சாப்பாட்டு வேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழுதுக் கதைகளே பாடமாக விளங்குவதைக் கண்டார். இந்த அறிவைத் திரட்ட நிறுவனம் 1990களில் யுரேகா என்ற தரவுத்தளத்தை அமைத்தது. ஒருவர் எழுதியனுப்பும் குறிப்பைச் சக பணியாளர்களே சோதித்து ஏற்றனர். ஏற்கப்பட்ட குறிப்பு எழுதியவர் பெயரோடு வெளியானது. பணப் பரிசைவிடப் பெயர் பதிவதையே அவர்கள் பெரிதாக மதித்தனர். தொழில் அறிந்தோரே சரிபார்ப்பதும் பெயர் நிலைப்பதும் கூட்டு எழுத்தின் இரு தூண்கள் என்பது இதனால் விளங்குகிறது.

தமிழ் இணையச் சமூகங்களின் அனுபவம்

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் போன்றோரின் தொடர் உழைப்பால் வளர்ந்து, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. இச்சமூகத்தில் எவரும் பாடம் நடத்துவதில்லை. புதிதாக வருபவர் எழுத்துப்பிழை திருத்துவதில் தொடங்கி, மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்த்து, பேச்சுப் பக்கத்தில் பிறர் சொல்லும் குறைகளைக் கேட்டு, ஆலமரத்தடி என்ற பொது மன்றத்தில் கொள்கைகளை விவாதிக்கும் நிலைக்கு உயர்கிறார். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நகரும் அதே பட்டறை முறையே இங்கும் காணப்படுகிறது.

த. சீனிவாசனும் நண்பர்களும் 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும், அதைத் தொடர்ந்து 2013இல் உருவான கட்டற்ற தமிழ் மின்னூல் திட்டமும் நூலாக்கத்துக்கு நெருக்கமான சான்றுகள். கட்டற்ற மென்பொருள்களைத் தாமே கற்றவர்கள், கற்றதைத் தொடர்கட்டுரைகளாக எழுதி, பின்னர் மின்னூல்களாகத் தொகுத்து, எவரும் படியெடுக்கலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டனர். மெய்ப்பு நோக்குவோர், அட்டை வடிவமைப்போர், மின்னூல் ஆக்குவோர் என அனைவரும் தன்னார்வலர்கள். அப்பணிகளையும் அவர்கள் செய்து செய்தே கற்றுக்கொண்டனர். சகாக்களாகக் கூடிக் கற்பது பற்றி ஹோவர்ட் ரைன்கோல்ட் 2012இல் தொடங்கிவைத்த ஆங்கிலக் கையேடும் பல நாட்டுத் தன்னார்வலர்கள் இணையவழி கூடி எழுதித் திருத்திய நூலே.

இணையவழி எழுத்தின் தனிச்சிறப்பு வேகத்தில் இல்லை. பக்க வரலாறு எனப்படும் பதிவில் இருக்கிறது. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார், யார் அதை மறுத்தார், எந்த உடன்பாட்டில் முடிந்தது என்பதெல்லாம் அழியாமல் நிற்கின்றன. அச்சு நூல் முடிவை மட்டும் காட்டுகிறது. பக்க வரலாறு தவறும் திருத்தமும் சேர்ந்த பாதையைக் காட்டுகிறது. இயல்வழிக் கற்றலுக்கு ஆவணமே இல்லை என்ற குறையை, கூடி எழுதும் செயல் தானே ஓரளவு நிறைவு செய்துவிடுகிறது. நூல் எழுதப்படும் போக்கிலேயே அந்நூலின் பொருளுக்கான சான்றும் உருவாகிறது.

வாய்மொழிக்கு இடமில்லாத விதி

எனினும் விக்கிப்பீடியாவின் விதிகளை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுவர இயலாது. மெய்யறிதன்மை என்ற கொள்கைப்படி, ஒரு செய்தி முன்பே வெளியான நம்பகமான ஆதாரத்தில் இருந்தால் மட்டுமே கட்டுரையில் இடம்பெறும். கலைக்களஞ்சியத்துக்கு இவ்விதி இன்றியமையாதது. ஊகமும் வதந்தியும் புகாமல் காப்பது இதுவே. ஆனால் எவரும் எழுதிவைக்காத அறிவு இவ்விதியால் முற்றிலும் வெளியே நின்றுவிடுகிறது. நாற்பது ஆண்டு கடலில் கழித்தவர் தம் கற்றலைப் பற்றிச் சொல்வது ஆதாரமாகாது. அவரை ஒரு முறை பேட்டி கண்டவரின் கட்டுரை ஆதாரமாகும்.

இந்த இடைவெளியை ஆய்வாளர் அச்சல் பிரபாலாவும் அவருடன் பணியாற்றியோரும் 2011இல் நேரடியாக எதிர்கொண்டனர். விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு, மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பேடி ஆகிய மொழிகளில், ஊர் மக்களின் விளக்கங்களை ஒலிப்பதிவு செய்து, அப்பதிவையே ஆதாரமாகச் சுட்டிக் கட்டுரைகள் எழுதிப் பார்த்தனர். ஒலிப்பதிவு பொதுவில் இருப்பதால் எவரும் கேட்டுச் சரிபார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். இம்முயற்சி விவாதத்தை எழுப்பியது. பொதுவிதியை அது மாற்றிவிடவில்லை. கலைக்களஞ்சியம் தயங்கினாலும், நூல் தயங்க வேண்டியதில்லை. மூல ஆய்வை ஏற்கும் வடிவமாகிய நூலில், பெயரும் இடமும் நாளும் குறித்த ஒலிப்பதிவு முதன்மைச் சான்றாகவே நிற்க முடியும்.

அவசரமும் உரிமையும்

சமூகத்தோடு சேர்ந்து எழுதும் பணி நாட்டளவில் சட்டக் கடமையாக்கப்பட்ட ஓர் அனுபவமும் இந்தியாவுக்கு உண்டு. சூழலியலாளர் மாதவ் காட்கில் போன்றோர் 1990களில் வளர்த்தெடுத்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்ற கருத்தை, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் அதன் விதிகளும் ஏற்று, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து ஊர் மக்களைக் கலந்து பதிவேடு எழுதப் பணித்தன. பல ஆண்டுகள் மெதுவாக நடந்த பணிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்ற காலக்கெடுவையும் அபராதத்தையும் விதித்தபின், நாடெங்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள் உருவாயின. அவசரத்தில் எழுதப்பட்ட பல பதிவேடுகள் ஊர் மக்களின் பங்கேற்பின்றிப் படிவம் நிரப்பும் வேலையாக முடிந்தன என்பது துறையறிந்தோரின் பரவலான விமர்சனம். எண்ணிக்கையை இலக்காக வைக்கும்போது கூட்டு எழுத்து தன் சாரத்தை இழக்கிறது என்பதே இதன் பாடம்.

உரிமை பற்றிய பாடத்தைப் பொதிகை மலையின் காணிக்காரர் பழங்குடியினரிடமிருந்து பெறலாம். 1987இல் அறிவியலாளர்களுக்கு வழிகாட்டச் சென்ற காணியர், களைப்பு தீர்க்கும் ஒரு தாவரத்தைக் காட்டினர். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் வழங்கப்பட்டது. மருந்தை உருவாக்கிய திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா நிறுவனம் அந்த உரிமத்தால் தனக்குக் கிடைத்த வருவாயில் பாதியைக் காணியருக்கு ஒதுக்கியது. பயன்பகிர்வுக்கு உலகளவில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட அதே நிகழ்வில், யாரிடம் ஒப்புதல் பெறப்பட்டது, எல்லாக் காணியருக்காகவும் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விகளும் எழுந்தன. திறந்த உரிமம் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒரு முறை வெளியான பிரதியைத் திரும்பப் பெற முடியாது. மென்பொருள் அறிவுக்கு அது வரம். இருளர் குடும்பமொன்றின் மருத்துவ அறிவுக்கு அது ஈடுசெய்ய இயலாத இழப்பாகலாம்.

இக்கரைக்குப் பொருந்தும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து, புதுப்பட்டினம் சுற்றுவட்டாரத்தின் கற்றல் மரபுகளைப் பற்றிய ஒரு நூல் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதற்குச் சில நெறிகளை வகுக்கலாம். முதலாவதாக, வினாக்களைக் கற்றவர்களே அமைக்க வேண்டும். ஒரு தொழில் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைவிட, அதில் முதலில் கொடுக்கப்பட்ட வேலை எது, எந்தத் தவற்றுக்குத் திட்டு விழுந்தது, எப்போது தனியே விட்டார்கள் என்பன போன்ற கேள்விகளை, அந்தத் தொழிலில் வளர்ந்த இளைஞர் தம் மூத்தோரிடம் கேட்கும்போதே சரியான விடை கிடைக்கும்.

இரண்டாவதாக, எழுத்துக்கு முன் குரல் வர வேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய அறிவு மையங்கள் இதற்கு வழிகாட்டுகின்றன. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மையங்களை நடத்தியோரில் பலர் உள்ளூர்ப் பெண்கள். எழுத்தறிவைத் தகுதியாக வைக்காததால் அத்திட்டம் அனைவரையும் சென்றடைந்தது. இன்று ஏறத்தாழ எல்லா வீட்டிலும் உள்ள கைப்பேசியின் குரல்பதிவு, அந்த ஒலிபெருக்கியை இருவழிப் பாதையாக்கும் வாய்ப்பைத் தருகிறது.

மூன்றாவதாக, பேச்சை எழுத்தாக்குதல், சொற்களுக்கு விளக்கம் சேர்த்தல், பிற கரைகளின் வழக்கோடு ஒப்பிடுதல், மெய்ப்பு நோக்குதல் ஆகியவற்றை இணையத் தன்னார்வலர் ஏற்கலாம். இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள தமிழரும் இதில் பங்குபெற முடியும். ஆனால் உருவான ஒவ்வொரு பகுதியும் சொன்னவருக்கே வாசித்துக் காட்டப்பட்டு, அவர் திருத்திய பிறகே ஏற்கப்பட வேண்டும். இறுதித் திருத்தம் செய்யும் உரிமை தட்டச்சுத் தெரிந்தவரிடம் சென்றுவிட்டால், கூட்டு எழுத்து பெயரளவிலேயே எஞ்சும்.

நான்காவதாக, கருத்து வேறுபாடுகளைச் சமன்செய்யாமல் அப்படியே பதிய வேண்டும். ஒரே நீரோட்டத்தைப் பக்கத்துப் பக்கத்துக் குப்பத்தார் இருவேறு விதமாகக் கற்றிருந்தால், இரண்டையும் காரணத்தோடு எழுதுவதே உண்மைக்கு நெருக்கமானது. ஐந்தாவதாக, அறிவைப் பொதுவில் வைக்கத்தக்கது, சமூகத்துக்குள் மட்டும் இருக்கத்தக்கது, பதிவே செய்யக் கூடாதது என்று மூன்றாகப் பிரிக்கும் முடிவைச் சமூகமே கூடி எடுக்க வேண்டும். அதன் பிறகே உரிமத்தைப் பற்றிப் பேச வேண்டும். மூலிகையின் பயனை வெளியிடாமலே, அதைத் தாயிடமிருந்து மகள் கற்கும் விதத்தை எழுத முடியும் என்பதால், இந்தக் கட்டுப்பாடு நூலின் நோக்கத்துக்கு இடையூறாகாது. ஆறாவதாக, விரும்புவோர் அனைவரின் பெயரும் ஆசிரியர் என்ற நிலையிலேயே அச்சாக வேண்டும்.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. இணையச் சமூகங்களில் பெண்களின் பங்கு இன்னும் குறைவு. மீன் விற்றுத் திரும்பி வீட்டு வேலையும் பார்க்கும் பெண்ணுக்குக் குரல்பதிவு அனுப்பவும் நேரம் இருப்பதில்லை. சாதியும் வறுமையும் யார் பேச்சு காதில் விழும் என்பதைக் கூட்டத்திலும் தீர்மானிக்கின்றன; இணையத்திலும் தீர்மானிக்கின்றன. பங்கேற்போரின் உழைப்புக்கு ஊதியம் ஒதுக்குவதும், பெண்களுக்கும் இருளர்களுக்கும் தனி அமர்வுகள் நடத்துவதும், காலக்கெடுவைத் தளர்த்துவதும் இன்றி இக்குறைகள் நீங்கா.

பட்டறைக்கு இயந்திரம் வந்துவிட்டது. படகுக்கு இருப்பிடம் காட்டும் கருவி வந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர், செல்லவும் வேண்டும். மூத்தோருடன் சேர்ந்து நடந்து கற்கும் வாய்ப்பு குறைந்துவரும் இக்காலத்தில், தொழில்நுணுக்கங்களைக் காட்சியகத்திலும் காணொளியிலும் ஓரளவு சேமித்துவிட முடியும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அவை எப்படிச் சென்றன என்ற அறிவு, கற்ற தலைமுறை சொல்லாவிட்டால் எந்தக் கருவியாலும் மீட்க இயலாதது; பள்ளிகள் தம் கற்பித்தலைச் சீர்திருத்திக்கொள்ள மிகவும் தேவைப்படுவதும் அந்த அறிவே. இருளர் பிள்ளைகளும் மீனவர் பிள்ளைகளும் தம் பெற்றோரின் பெயரை ஆசிரியர் என்ற இடத்தில் கண்டு வாசிக்கும் நூல், அவர்கள் வீட்டில் பெற்ற கற்றலையும் பள்ளியில் பெறும் கல்வியையும் ஒரே மதிப்பில் வைக்கும். அந்த நூலை எழுதத் தேவையான தொழில்நுட்பமும் தன்னார்வலரும் முன்மாதிரிகளும் தமிழில் ஏற்கெனவே உள்ளன. எஞ்சியிருப்பது, எழுதுகோலையும் திருத்தும் உரிமையையும் கற்றவர் கையில் ஒப்படைக்கும் மனத்துணிவு மட்டுமே.